மஞ்சள் தடவிய ஊஞ்சல்

எலுமிச்சம்பழம் உருண்டது.

ஊஞ்சல் பலகையின் நட்ட நடுவில் திருஷ்டிக்காக அதை வைத்தவள் நான்தான். கையை எடுத்ததும் சற்று நின்றது. பிறகு இடது பக்கமாக மெல்ல நகர்ந்து, வேகம் பிடித்து, விளிம்பைத் தாண்டி ஜமக்காளத்தில் பொத்தென்று விழுந்தது. எடுத்து மறுபடி வைத்தேன். மறுபடியும் இடது பக்கமே போயிற்று.

குனிந்து பார்த்தேன். பலகை சாய்ந்திருந்தது. வலது பக்கம் நாலு விரற்கடை உயரம். முந்தின நாள் சாயங்காலம் அதே பலகையில் தண்ணீரை ஊற்றியிருந்தால், எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் நின்றிருக்கும். அப்படி ஒரு மட்டம்.

மாட்டுங்காவில் நாங்கள் குடியிருந்த கட்டிடத்தின் மொட்டை மாடியில் பந்தல். தை மாத வெயில் இதமாக இருந்தது. நாதஸ்வரக்காரர் சீவாளியை ஊதிப் பார்த்துக்கொண்டிருந்தார். கீழே எங்கள் வீட்டில் என் அக்கா ராஜத்துக்குத் தலை பின்னி முடித்திருந்தார்கள். செம்பூரிலிருந்து வந்து இறங்கிய மாப்பிள்ளை வீட்டார் எதிர் பிளாட்டில் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். இன்னும் சற்று நேரத்தில் மாலை மாற்றல். அது முடிந்த கையோடு பெண்ணும் மாப்பிள்ளையும் உட்கார வேண்டிய ஊஞ்சல் இது.

பலகை கொஞ்சம் சாய்ந்தால் என்ன குடிமுழுகிப் போகிறது என்று இன்று படிக்கிறவர்கள் கேட்கலாம். எங்கள் வீட்டுக் கதை தெரிந்தால் கேட்க மாட்டீர்கள்.

அணைந்த விளக்கு

அக்காவுக்கு அதற்குச் சில வருஷங்கள் முன்பே ஓர் இடம் நிச்சயமாகி நின்றுபோயிருந்தது. நிச்சயதார்த்தத்தன்று கூடத்தில் குத்துவிளக்கு அணைந்துவிட்டது. காரணம் மின்விசிறி. வேர்க்கிறது என்று அதைப் போட்டவர் பிள்ளையின் சித்தப்பா. சில நாள் கழித்து, மனசு ஒப்பவில்லை என்று சொல்லியனுப்பினார்கள். விசிறியைப் பற்றி யாரும் பேசவில்லை. விளக்கைப் பற்றி மாட்டுங்கா முழுக்கப் பேசினார்கள்.

அதன் பிறகு வந்த ஜாதகங்களெல்லாம் எங்கள் வீட்டு வாசல் வரை வந்து திரும்பிப் போயின. "அந்த விளக்கு அணைஞ்ச பொண்ணா?" என்று கேட்டவர்களை எனக்குத் தெரியும். இப்போதும் அவர்களில் சிலரைக் கோவிலில் பார்த்தால் நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன். எனக்கு மறதி குறைவு, கோபம் அதிகம்.

கடைசியில் செம்பூர் சம்பந்தம் வந்தது. பிள்ளை சாது. அவர் அம்மாவைப் பற்றித்தான் எங்களுக்குப் பயம். அதிகம் பேசாதவர். பெண் பார்க்க வந்தபோது பஜ்ஜியைச் சாப்பிட்டார், வீட்டைச் சுற்றிப் பார்த்தார், கிளம்பும்போது "ஆகட்டும்" என்றார். அந்த ஆகட்டும் எதற்கு என்று அம்மா இரண்டு நாள் சாப்பிடாமல் யோசித்தாள்.

அப்படிப்பட்டவர் முன்னால் ஊஞ்சல் சாய்ந்தால்? கல்யாணம் நிற்காது, அது எனக்கும் தெரியும். ஆனால் அக்கா அந்த வீட்டில் ஆயுசு முழுக்க, விளக்கு அணைந்து ஊஞ்சலும் சாய்ந்த பெண்ணாகத்தான் இருப்பாள். எந்தப் பால் பொங்கி வழிந்தாலும் இதைத்தான் சொல்வார்கள்.

போதாக்குறைக்கு, இந்த ஊஞ்சல் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவளே அக்காதான்.

கயிறா, சங்கிலியா

அந்நாளில் எங்கள் வட்டாரத்துக் கல்யாணங்களுக்கெல்லாம் ஒரே வாடகை ஊஞ்சல். பித்தளைச் சங்கிலி, மேலே இரும்புக் கொக்கி. அது போடும் கிறீச்சில் ஊஞ்சல் பாட்டின் சுருதி ஓடிப்போகும். மாட்டுங்காவில் பாதிப் பேர் அந்தக் கிறீச்சோடுதான் குடித்தனத்தைத் தொடங்கினார்கள். சிலர் வீட்டில் இன்னும் அது நின்றபாடில்லை.

அக்கா கோட்டைப் பகுதியில் ஒரு கம்பெனியில் ஸ்டெனோ. தீபாவளிக்கு முதலாளி சேட்டின் காட்கோபர் வீட்டுக்குப் போனவள் ஓர் ஊஞ்சலைப் பார்த்துவிட்டு வந்தாள். சங்கிலிக்குப் பதில் வெள்ளைப் பருத்திக் கயிறு. கயிறு நெடுக விதவிதமான முடிச்சுகள். பலகையில் ஓர் ஆணி கிடையாது. "ஆடினா சத்தமே இல்லடி. நாம ஆடறோமா, வீடு ஆடறதான்னு தெரியலை" என்றாள். செய்தது யார் என்று சேட்டின் மனைவியிடம் கேட்டிருக்கிறாள். தாராவியில் ஒரு மத்ராசி மிஸ்திரியும் அவர் பெண்டாட்டியும் என்று சொன்னாராம்.

அம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "கயிறா? கயிறுன்னா அவிழும்டி. கல்யாணத்துல போய் அவிழற வஸ்துவைக் கட்டுவாளோ?"

"தாலியும் கயிறுதானேம்மா?" என்றாள் அக்கா.

கல்யாணத்துக்காகப் பாலக்காட்டிலிருந்து முன்கூட்டியே வந்து இறங்கியிருந்த பாகீரதி அத்தை, வெற்றிலையை மென்றுகொண்டு இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். "அதுவும் சரிதான்" என்று தலையாட்டினாள்.

பலகைக்காரரும் கயிற்றுக்காரியும்

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் அக்காவும் லேபர் கேம்ப்பைத் தாண்டித் தாராவிக்குள் போனோம். குயவர் சூளைப் புகை ஒரு பக்கம், தோல் காயும் வாசனை ஒரு பக்கம். சந்து திரும்பியதும் இரண்டையும் மீறித் தேக்கு வாசனை வந்தது. அதைப் பிடித்துக்கொண்டே போனோம். யாரிடமும் வழி கேட்கவில்லை.

ஆறுமுகம் ஆசாரி தரையில் உட்கார்ந்து, மரத்தைக் காலால் அணைத்துப் பிடித்து இழைத்துக்கொண்டிருந்தார். கப்பல் உடைக்கிற இடத்தில் வாங்கிய பழைய தேக்கு. வெளியே கருத்துப் போய் எதற்கும் லாயக்கில்லாதது போல் இருக்கும். இழைப்புளி ஒரு தடவை போய் வந்தால் உள்ளே தேன் நிறம். சுருள் தரையில் விழுமுன் காற்றில் கொஞ்சம் மிதந்தது. நான் ஒன்றை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்த பிறகும் அந்த வாசனை விரலில் இருந்தது.

அவர் மனைவி இசக்கியம்மாள் எதிரே உட்கார்ந்திருந்தாள். அவளுடைய அப்பா தூத்துக்குடியில் தோணி கட்டும் ஆசாரி. தோணிக்காரர்கள் மடியிலும் தோளிலும் வளர்ந்தவள்; முடிச்சுகளை அவர்களிடமிருந்து பொறுக்கிக்கொண்டு வந்திருந்தாள். கயிற்றின் நுனியைக் கால் பெருவிரலில் மாட்டி, புரிகளைப் பிரித்து, ஒரு மரக்கூரால் நெம்பி நெம்பிக் கோத்தாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே தாமரை மொட்டு மாதிரி ஒன்று உருண்டு திரண்டது. எங்கே தொடங்கியது, எங்கே முடிந்தது என்று தேடிப் பார்த்தேன். கண்டுபிடிக்க முடியவில்லை.

"அழகுக்குப் போடுத முடிச்சுன்னு நெனைக்காதிய" என்றாள். "இந்தா, இது கை பிடிக்கதுக்கு. இது கயிறும் மரமும் உராயாம இருக்க. இந்தப் பெருசு இருக்குல்லா, இதுதான் பலகையத் தாங்குதது. நான் போட்ட முடிச்சு அவுந்துச்சுன்னா எம் மூக்க அறுத்துக்கிடுதேன்."

"அவ மூக்கு வேற நீளம்" என்றார் ஆசாரி, நிமிராமல். "அம்மா, ஆளுக உக்காருதது பலகையில. கயித்துல இல்ல. நீங்க இதத் தடவிப் பாருங்க."

"கயிறு இல்லன்னா பலகை தரையிலதான் கெடக்கும். அதுக்குப் பேரு ஊஞ்சல் இல்ல, மணை."

அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். வீட்டில் அவள் அப்படிச் சிரித்துக் கேட்டு நாளாகியிருந்தது. எனக்கு அந்த இரண்டு பேரையும் அந்த நிமிஷமே பிடித்துப் போயிற்று.

பின்னர் நாங்கள் போனபோதெல்லாம் இந்தச் சண்டை நடந்தது. சண்டை போட்டுக்கொண்டே ஒருவர் வேலையை ஒருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்வார்கள். மூலைத் துளை அவள் கயிற்றின் கனத்துக்கு ஒரு நூல் கூடக் குறையக் கூடாது என்று அவர் உளியைப் போட்டுப் போட்டு எடுப்பார். துளையின் வாயை வழவழவென்று உருட்டிவிடுவார், அவள் கயிறு அறுபடாமல் இருக்க. அவளிடம் இதைச் சொல்ல மாட்டார். அவளும் கேட்க மாட்டாள்.

ஒரு நாள் அக்காவிடம் பழைய பட்டுத்துணி ஏதாவது கிடைக்குமா என்று கேட்டார். அம்மாவின் கிழிந்த கூறைப்புடவைத் துண்டைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். அதைப் பலகை முழுக்கப் போட்டு இழுத்தார். எங்காவது ஓர் இழை மாட்டினால் அங்கே உப்புத்தாள். மறுபடி இழுப்பு. "மணப்பொண்ணு எந்திரிக்கையில சேலை மாட்டி இழுக்கப்படாதுல்லா" என்றார். ஒன்பது கஜம் கட்டி உட்காரப் போகிறவளின் கஷ்டம் ஓர் ஆண்பிள்ளைக்குத் தோன்றியது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றியதில்லை.

படியேறி வந்த ஊஞ்சல்

மொட்டை மாடியில் ஊஞ்சல் மாட்ட உத்தரம் ஏது? அதற்கும் ஆசாரியே நாலுகால் சட்டம் செய்திருந்தார். எல்லாம் தனித்தனித் துண்டு. கல்யாணத்துக்கு முந்தின நாள் கைவண்டியில் தாராவியிலிருந்து வந்து, எங்கள் கட்டிடத்தின் குறுகல் மாடிப்படியில் ஒவ்வொன்றாகத் தோளில் ஏறியது. மேலே கொண்டுபோய்ப் பொருத்தி, ஆப்பு வைத்து, கொட்டாப்புளியால் தட்டினார். தட்டத் தட்ட ஓசை மாறிக்கொண்டே வந்தது. ஓசை கெட்டிப்பட்டதும் நிறுத்தினார். சட்டத்தைப் பிடித்து உலுக்கிய எங்கள் மாமா தான்தான் ஆடினார்.

பிறகு இசக்கியம்மாள் கயிற்றை மாட்டினாள். இரண்டு பக்கமும் மேலே ஒவ்வொரு பருமனான கயிறு. இடுப்பு உயரத்தில் அது இரண்டாகப் பிரிந்து பலகையின் மூலைகளைப் பிடிக்கும். பிரிகிற இடத்தில் அந்தத் தாமரை மொட்டு. ஆசாரி ரசமட்டத்தை வைத்துப் பார்த்தார். இன்னொரு தடவை வைத்துப் பார்த்துவிட்டுப் பெண்டாட்டியைப் பார்த்தார். "என்ன, கொறை ஒண்ணும் அகப்படலியா?" என்று கேட்டாள் அவள்.

வருகிறவர் போகிறவரெல்லாம் உட்கார்ந்து ஆடிப் பார்த்தார்கள். கிறீச் இல்லை, முனகல் இல்லை. அப்பா கடைசியாக உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே மனசில்லாமல் ஆடிக்கொண்டிருந்தார். கயிறு அவிழும் என்று சொன்ன அம்மாகூட முடிச்சுகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனாள்.

அந்த ஊஞ்சல்தான் மறுநாள் காலையில் சாய்ந்து நின்றது.

அத்தை செய்த காரியம்

இசக்கியம்மாளும் ஆசாரியும் கல்யாணத்துக்கு வந்திருந்தார்கள். சமையல் பந்தல் ஓரத்தில் நின்றவளைக் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். பலகையைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. வலது கயிற்றைப் பிடித்துப் பார்த்தாள். அதில் மஞ்சள் பூசியிருந்ததை நானும் பார்த்திருந்தேன், ஏதோ சடங்கு என்று விட்டிருந்தேன். அவள் கை மஞ்சளாயிற்று. கயிறு சொதசொதவென்று நனைந்திருந்தது.

"ஆத்தாடி, இத யாரு நனைச்சா?"

பாகீரதி அத்தைதான். தாலியும் கயிறுதானே என்று அக்கா அன்று சொன்னது அத்தையின் மனசில் ஆழமாகப் பதிந்துவிட்டிருந்தது. கல்யாணத்தில் கட்டுகிற கயிறு என்றால் அதற்கு மஞ்சள் வேண்டாமா? பித்தளைச் சங்கிலிக்கு ஒரு குங்குமப் பொட்டோடு விட்டுவிடலாம். கயிற்றை வெள்ளையாக விட்டால் அமங்கலம் இல்லையா? ஒரு பாத்திரம் நிறைய மஞ்சளைக் கரைத்துக்கொண்டு வந்து, வலது கயிற்றை மேலிருந்து கீழ்வரை குளிப்பாட்டியிருக்கிறாள். இடது பக்கம் தொடங்குமுன் சீர்த்தட்டு எங்கே என்று யாரோ கூப்பிட, போனவள் போனவள்தான். இப்படி ஒரு தப்பை எங்கள் மனிதர்களைத் தவிர வேறு யாராலும் செய்ய முடியாது.

"நனைஞ்சா பருத்திக் கயிறு சுருங்கிரும்லா" என்றாள் இசக்கியம்மாள். "ஒரு பக்கம் மேல ஏறிட்டு. முடிச்சப் பிரிச்சு மாத்தவும் ஏலாது. இறுகிப் போச்சு, அறுக்கத்தான் செய்யணும். நனைக்காதியன்னு ஒரு வார்த்த சொல்ல எனக்குத் தோணலியே. கல்யாண ஊஞ்சல யாரு நனைப்பான்னு இருந்துட்டேன்."

ஆசாரி சட்டத்தின் காலுக்கு அடியில் கட்டை வைக்கலாமா என்று குனிந்தார். சட்டத்தைத் தூக்கினால் ஆப்பு தளரும் என்று அவரே நிமிர்ந்துவிட்டார். "ஏட்டி, அந்தப் பக்கத்தையும் நனைச்சா?" என்றார்.

"நனைச்சா ரெண்டும் ஒண்ணுபோல ஏறும். நல்லா ஊறணும். கொஞ்ச நேரம் ஆவும்."

அந்தக் கொஞ்ச நேரம் எங்களிடம் இல்லை. நாதஸ்வரம் தொடங்கிவிட்டது. செம்பூர்க் கூட்டம் படியேறி வந்துகொண்டிருந்தது. அவர்கள் கண்ணெதிரே வாளியும் துணியுமாக ஊஞ்சலைத் துடைத்துக்கொண்டு நின்றால், சாய்வைப் பார்க்காதவனும் பார்த்துவிடுவான்.

இடது பக்கம்

அக்காவை அழைத்துக்கொண்டு வந்தார்கள். என் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. மாலையைச் சரிசெய்கிற சாக்கில் அவள் காதில் எல்லாவற்றையும் சொன்னேன். ஊஞ்சலைப் பார்த்தாள். மஞ்சள் கயிற்றையும் வெள்ளைக் கயிற்றையும் மாறி மாறிப் பார்த்தாள்.

பிறகு, மணப்பெண் வாயைத் திறக்கக் கூடாத அந்தச் சபையில், கணீரென்று பேசினாள்.

"மாமி, இங்கே வரேளா?"

எதிரே நின்ற அவளுடைய வருங்கால மாமியார் நிமிர்ந்தார்.

"இந்தக் கயித்துக்கு எங்காத்து மனுஷா மஞ்சள் பூசியாச்சு. அந்தப் பக்கம் உங்களோடது. நீங்க எல்லாரும் பூசினாத்தான் நான் ஊஞ்சல்ல உட்காருவேன்."

அம்மாவுக்கு மயக்கம் வராத குறை. இப்படி ஒரு சம்பிரதாயம் பாலக்காட்டிலும் கிடையாது, மாட்டுங்காவிலும் கிடையாது. செம்பூர் மாமி அக்காவைப் பார்த்தார். கயிறுகளைப் பார்த்தார். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"மஞ்சளைக் கொண்டு வாங்கோ" என்றார்.

அவ்வளவுதான். பெரியவரே இறங்கிவிட்டால் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? அவருடைய நாத்தனார், ஓரகத்தி, செம்பூர்ப் பக்கத்து வீட்டுக்காரி எல்லோரும் பாய்ந்தார்கள். பெண் வீட்டுப் பக்கத்தைவிடத் தங்கள் பக்கம் மஞ்சள் குறையக் கூடாது என்று போட்டி. இசக்கியம்மாள் நடுவில் நின்று மேஸ்திரி வேலை பார்த்தாள். "நல்லாத் தேய்ங்கம்மா. முடிச்சுக்குள்ள போவட்டும். மேல, இன்னும் மேல! அந்த அக்கா, பாத்திரத்தோட ஊத்துங்க!" பத்துப் பன்னிரண்டு வளையல் கைகள் கயிற்றில் ஏறி இறங்கின. எல்லோர் பட்டிலும் மஞ்சள் தெறித்தது. யாரும் கவலைப்படவில்லை.

இந்தப் பக்கம் மாலை மாற்றல் தொடங்கியது. எங்கள் மாமா அக்காவைத் தோளில் தூக்கினார். மாப்பிள்ளையை அவருடைய மாமா தூக்கினார். ஆசாரி போய் நாதஸ்வரக்காரர் காதில் ஏதோ சொன்னார். அவர் நிறுத்தாமல் வாசித்துக்கொண்டே இருந்தார், மாலை மாற்றலும் நீண்டுகொண்டே போயிற்று. மாமாக்களுக்கு மூச்சு வாங்கியது. மாலைகள் போயின, வந்தன. நான் ஊஞ்சலையே பார்த்துக்கொண்டு நின்றேன். பலகையின் இடது ஓரம் ஒரு விரற்கடை ஏறியது. இன்னும் ஒன்று. என் வாழ்க்கையில் எதையும் அவ்வளவு ஆசையோடு நான் பார்த்துக்கொண்டு நின்றதில்லை.

இசக்கியம்மாள் பலகைக்கு நேராகக் கண்ணை வைத்துப் பார்த்தாள். புருஷனைப் பார்த்துத் தலையசைத்தாள். ஆசாரி உள்ளங்கையால் பலகையை ஒரு தடவை தடவிவிட்டு நகர்ந்துகொண்டார்.

இருவரும் உட்கார்ந்தார்கள். பலகை மட்டமாக நின்றது. பெண்கள் பாட ஆரம்பித்தார்கள். பச்சைப்பிடி என்கிற வண்ணச் சோற்று உருண்டைகளைத் திருஷ்டிக்காகச் சுற்றி நாலு பக்கமும் எறிந்தார்கள். ஊஞ்சல் ஓசையே இல்லாமல் போய் வந்தது. எங்கள் வட்டாரத்தில் ஊஞ்சல் பாட்டின் வார்த்தைகள் முழுசாகக் காதில் விழுந்த முதல் கல்யாணம் அதுதான்.

நான் அக்காவுக்குப் பின்னால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். செம்பூர் மாமி மஞ்சள் கையைத் துடைத்துக்கொண்டு அவள் பக்கம் வந்தார். குனிந்தார். பாட்டுச் சத்தத்தில் அவர் சொன்னது எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் கேட்டது.

"சாஞ்சிருந்தது எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா? படியேறி வந்ததுமே பார்த்துட்டேன்."

அக்காவின் கை கயிற்றில் இறுகியது.

"எங்காத்து மனுஷா கண்ல படறதுக்குள்ளே என்ன பண்றதுன்னு எனக்கே தெரியலை. அவா முன்னாடி மறைச்சிண்டு நின்னேன். நல்ல வேளை, நீ கூப்பிட்டே."

அக்கா அவரை நிமிர்ந்து பார்த்தாள். நகர்ந்து உட்கார்ந்து, பலகையில் தன் பக்கத்தில் அவருக்குக் கொஞ்சம் இடம் விட்டாள். ஒன்றும் புரியாத மாப்பிள்ளையும் இன்னும் தள்ளி உட்கார்ந்தார்.

மாமி உட்காரவில்லை. பெண்ணும் மாப்பிள்ளையும் உட்காருகிற பலகையில் மூன்றாவது ஆள் உட்காரக் கூடாது. அவர் அந்த இடத்தில் கையை வைத்துக்கொண்டு, பாட்டு முடிகிறவரைக்கும் ஊஞ்சலோடு கூடவே இரண்டடி முன்னும் பின்னுமாக நடந்துகொண்டிருந்தார்.